கதையை அனுப்பிவிட்டேன், அது கைவிட்டுப் போய்விட்டதா?

திருகோணமலை நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. ஏழு வருடமாகச் சிறுகதை எழுதுகிறார். எல்லாம் பிள்ளைகள் படுத்த பிறகு, சீஆர் கொப்பிகளில். எதையும் வெளியே காட்டாமல் இருந்தவர், சென்ற வருடம் தன் பெரியம்மாவை நினைத்து ஒரு கதை எழுதினார். காணாமற்போன மகன் வருவான் என்று ஒவ்வொரு இரவும் ஒரு பிடி சோறு எடுத்துவைக்கும் தாயின் கதை. காலையில் தாய் எழும்புமுன் அந்தச் சோற்றை மகள் கோழிக்குப் போட்டுவிடுவாள். கதையின் கடைசிப் பந்தியில் தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஓர் இரவு, அந்த மகளே தம்பிக்கு ஒரு பிடி எடுத்துவைக்கிறாள்.

கதையைத் தட்டெழுதிக் கொழும்புச் சஞ்சிகை ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். ஐந்து மாதம் பதில் இல்லை. மனம் நொந்து முகநூலில் போட்டார். தோழி ஒருவர் சொல்லி, தமிழ்நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கும் அனுப்பினார். அங்கிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது: கதை பிடித்திருக்கிறது, வேறெங்கும் வெளிவரவில்லை என்று உறுதிப்படுத்துங்கள் என்று. இவரும் "வெளிவரவில்லை" என்று எழுதிவிட்டார். அடுத்த மாதமே கொழும்புச் சஞ்சிகை, ஒரு சொல்லும் சொல்லாமல் கதையைப் பிரசுரித்துவிட்டது. தலைப்பு மாறியிருந்தது. கடைசிப் பந்தி இல்லை. அந்த இதழை யாரோ பெரியம்மாவின் மகளிடம் கொண்டுபோய்க் காட்ட, அவர் அன்றிலிருந்து இவரோடு பேசுவதில்லை.

இதற்கிடையில் முப்பது எழுத்தாளர்களின் கூட்டுத் தொகுப்பு ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. 15,000 ரூபா கட்டினால் கதையும் வரும், பத்துப் பிரதியும் கிடைக்கும். படிவத்தின் நான்காவது வரியில் "படைப்பின் சகல உரிமைகளும் வெளியீட்டாளரையே சாரும்" என்று இருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா? கொழும்புச் சஞ்சிகைமீது வழக்குப் போடலாமா? தமிழ்நாட்டுக்கு என்ன பதில் சொல்வது? இனி அனுப்புமுன் கதையை எங்கே பதிவது? இதெல்லாம் எழுதினால் பிரச்சினை வரும் என்று கணவர் பயப்படுகிறாரே, உண்மையா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். "மின்னஞ்சல் போன அந்த நிமிசமே கதை என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது போலக் கிடக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஆகவில்லை. கதை இன்றைக்கும் முழுக்க உங்களுடையதுதான். முதலில் இந்தப் பயத்தைத் தீர்ப்போம். மற்றக் கேள்விகளுக்கான விடையும் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அனுப்புவது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு

இந்த ஊரில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். உப்புவெளி, பாலையூற்று, தம்பலகாமம் என்று காணி உறுதி எழுதாத வாரம் இல்லை. ஒருவர் வந்து காணியைப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார், வேலியோரமாக நடந்து அளந்தும் பார்த்தார் என்பதற்காகக் காணி அவருடையது ஆகிவிடாது. 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருக்கக் கையெழுத்து வைத்தால்தான் காணி கைமாறும்.

கதைக்கு நொத்தாரிசு தேவையில்லை. ஆனால் எழுத்து தேவை. நமது நாட்டில் இதற்கான சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உரிமையை மாற்றிக் கொடுப்பதானாலும், பயன்படுத்த அனுமதி கொடுப்பதானாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பம் இட்டிருக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. எந்த உரிமையைப் பெயர் சொல்லிக் கொடுத்தீர்களோ, அது மட்டும்தான் போகும். சொல்லாதது எதுவும் சேர்ந்து போனதாகக் கொள்ளப்படாது. ஒரு சஞ்சிகையில் ஒருமுறை அச்சிட விட்டீர்கள் என்றால், அதைத் தொகுப்பில் சேர்க்கும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை, நாடகமாக்கும் உரிமை எல்லாம் உங்களிடமேதான் இருக்கின்றன.

பதிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் கதையை, கவிதையைப் பதிய வேண்டியதில்லை, அதற்கான பதிவேடும் இல்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறி, புதுப்புனைவுகளுக்கான ஆக்கவுரிமை (patent), கைத்தொழில் வடிவமைப்பு போன்றவற்றைத்தான் பதிகிறது. எழுதி முடித்த கணத்திலேயே, அது எவ்வளவு நல்ல கதை, எதற்காக எழுதியது என்றெல்லாம் பாராமல், சட்டம் பாதுகாப்புக் கொடுத்துவிடுகிறது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் அது நீடிக்கும். இந்தியாவில் மறைவுக்குப் பின் 60 வருடம். இரண்டு நாடுகளுமே படைப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையான பேர்ன் உடன்படிக்கையில் இருப்பதால் (இந்தியா 1928இலும் நாம் 1959இலும் சேர்ந்தோம்) உங்கள் கதைக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு.

கதையைக் கடித உறையில் போட்டு, உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கும்படி தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் நம்பும் விஷயம்தான். அதனால் உரிமை புதிதாக உண்டாவதில்லை, சாட்சியாகவும் அது அவ்வளவு வலுவானதில்லை. உங்களிடம் அதைவிட நல்ல சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, திகதியும் நேரமும் பதிந்த அந்த மின்னஞ்சல். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிவர்த்தனைகள் சட்டத்துக்குப் பிறகு, மின்னஞ்சல்தானே என்று யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. மற்றது அந்தக் கொப்பி. மகளின் பெயரை மூன்று தரம் மாற்றி எழுதி வெட்டியிருப்பது, சோற்றுப் பிடி முதலில் ரொட்டித் துண்டாக இருந்தது, ஓரத்தில் கடைக்குப் போகவேண்டிய சாமான்களின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதையைத் திருடுகிறவரால் இப்படி ஒரு கொப்பியைக் காட்ட முடியாது. தட்டெழுதி முடிந்ததால் பழைய பேப்பரோடு போடப் பார்த்தேன் என்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் காப்பது உங்கள் எழுத்தை, கருவை அல்ல. மகனுக்காகச் சோறு எடுத்துவைக்கும் தாயைப் பற்றி இன்னொருவர் தன் சொல்லில் கதை எழுதினால் அதை நீங்கள் மறிக்க முடியாது.

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள்

உங்கள் கேள்விகளில் உண்மையாகவே அவசரமானது இதுதான். நீங்கள் இதைக் கடைசியில், ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

முகநூலில் போட்டது பிரசுரம் ஆகாது என்று நினைத்துத்தான் "வெளிவரவில்லை" என்று எழுதினீர்கள். பொய் சொல்லும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் சஞ்சிகை ஆசிரியர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. யாரும் வாசிக்கக்கூடிய இடத்தில் முழுக்கதையும் கிடந்தால், அது அவர்களைப் பொறுத்தவரை வெளிவந்த கதைதான். தவிர, கொழும்பில் இன்னும் முடிவு தெரியாமல் ஒரு பிரதி இருந்தது. அதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அங்கே அச்சிலும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பக்கம் கட்டி அச்சுக்குப் போகுமுன் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

வழக்கு வருமா என்று பயப்படாதீர்கள். ஒரு சிறுகதைக்காக அப்படி யாரும் வரப்போவதில்லை. போகக்கூடியது நம்பிக்கை. சிறுசஞ்சிகை உலகம் மிகச் சிறியது. ஓர் ஆசிரியருக்குத் தெரிந்தது இன்னோர் ஆசிரியருக்குத் தெரிய ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நீங்களாகச் சொன்னால் தவறு தவறாகவே நின்றுவிடும். அவர்களாகக் கண்டுபிடித்தால் ஏமாற்றியதாகப் பேச்சாகும். இப்படி எழுதலாம்:

"ஐயா, உறுதிப்படுத்தக் கேட்டபோது இக்கதை என் முகநூலில் இருந்தது, இன்னொரு சஞ்சிகையிலும் பதிலின்றிக் கிடந்தது. இரண்டையும் சொல்லாதது என் தவறு. இப்போது அந்தச் சஞ்சிகை கதையை வெளியிட்டுவிட்டது. தலைப்பும் முடிவும் மாற்றப்பட்டுள்ளன. தாங்கள் கதையை விலக்கினால் ஏற்றுக்கொள்கிறேன். முழு வடிவத்தை மறுபிரசுரமாக வெளியிட விரும்பினால் எனக்குச் சம்மதம். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கொழும்பார் பதில் போடவில்லை என்ற முறைப்பாடும் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

அந்த மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களை மதிக்காததால்தான் பதில் எழுதவில்லை என்று நினைக்கிறீர்கள். நமது சஞ்சிகைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். 1966இல் தொடங்கிய மல்லிகைச் சஞ்சிகையை எழுத்தாளர் டொமினிக் ஜீவா தன் கையில் காவிக்கொண்டு தெருத் தெருவாக விற்று, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். 2000இல் தொடங்கிய ஞானம், அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி, மட்டக்களப்பின் மகுடம், நமது திருகோணமலையிலிருந்தே கவிதைக்கென்று வந்த "நீங்களும் எழுதலாம்" என்ற இதழ், இவையெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்திய இதழ்கள் அல்ல. ஓரிருவரின் கைக்காசும் இரவு நேரமும்தான் இவற்றின் முதல். வருகிற கதைக்கெல்லாம் பதில் எழுத அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதற்காகக் கதையைக் கேட்காமல் வெட்டியது சரியாகிவிடாது. அதைத் தனியே பார்ப்போம்.

தலைப்பும் கடைசிப் பந்தியும்

கேட்காமல் பிரசுரித்தார்கள் என்று வழக்குப் போட முடியுமா? சட்டம் எழுத்தில் அனுமதி கேட்கிறது என்று மேலே சொன்னேன். ஆனாலும் "தங்கள் சஞ்சிகையில் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதை மீளப் பெறவும் இல்லை. அதற்குப் பிறகு, அனுமதியில்லாமல் போட்டார்கள் என்ற வாதம் எடுபடாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வெட்டியது வேறு விஷயம். பொருளாதார உரிமை (அச்சிடுவது, விற்பது போன்றவை) யாரிடம் போனாலும் எழுதியவரிடமே நிற்கும் தார்மீக உரிமைகள் சில உண்டு. அதே புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் இருக்கின்றன. உங்கள் பெயர் தெரியும்படி போடப்பட வேண்டும் என்பது ஒன்று. விரும்பினால் புனைபெயரில் எழுதலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, உங்கள் நற்பெயருக்குப் பங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம். எழுத்துப்பிழை திருத்துவது, நீண்ட வசனத்தை இரண்டாக்குவது, இடத்துக்காக நாலு வரி குறைப்பது இதெல்லாம் சிதைவு அல்ல, ஆசிரியரின் வேலை. தலைப்பு மாற்றத்தைக்கூட நான் பெரிதாக எடுக்கமாட்டேன். கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கடைசிப் பந்தி அப்படியல்ல. நீங்கள் அனுப்பிய இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். உங்கள் கதையில் மகளும் தம்பியைக் காத்திருக்கிறவள்தான், வெளியில் சொல்லாதவள். அச்சில் வந்த கதையில் அவள் தாயின் சோற்றைக் கோழிக்குப் போடுகிற கல்நெஞ்சுக்காரி. ஒரு பந்தி போனதால் ஓர் ஆளே மாறிவிட்டாள். இதை ஆட்சேபிக்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

ஆட்சேபிப்பது என்றால் நீதிமன்றம் போவது என்று அர்த்தமில்லை. புலமைச் சொத்து வழக்குகளுக்குக் கொழும்பில் உள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பஸ் செலவும் சட்டத்தரணிச் செலவும் சேர்ந்தால் ஒரு சிறுகதை தாங்காது. புலமைச் சொத்து அலுவலகப் பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பித்து விசாரிக்கக் கேட்கும் வழியும் சட்டத்தில் உண்டு. ஆனால் அதுவும் இப்போது தேவையில்லை. ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். கதையை வெளியிட்டதற்கு நன்றி, கடைசிப் பந்தி விடுபட்டதால் கதையின் பொருள் மாறிவிட்டது, அடுத்த இதழில் அந்தப் பந்தியை ஒரு குறிப்புடன் வெளியிட வேண்டும். இந்த மூன்றும் போதும். பந்தியையும் இணையுங்கள். இடம் போதாமல்தான் வெட்டியிருப்பார்கள் என்றால், அநேகமாகப் போடுவார்கள். நான் பார்த்த அளவில் ஆசிரியர்கள் இந்த மாதிரிக் கடிதத்தை மதிப்பார்கள்.

பதினையாயிரம் ரூபாப் படிவம்

காசு கட்டி எழுத்தை வெளியிடுவதே கேவலம் என்று உங்கள் தோழி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். ஈழத்தில் தமிழில் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் நூலைத் தங்கள் காசில்தான் கொண்டுவருகிறார்கள். மண்டபம் எடுத்து, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று உறவினரும் நண்பரும் வாங்கி, அச்சுக் கடனை அடைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே காசும் உங்களுடையது, புத்தகமும் உங்களுடையது, உரிமையும் உங்களுடையது.

இந்தப் படிவத்தில் காசு மட்டும்தான் உங்களுடையது. பந்தல் போட ஒரு நாளைக்கு இடம் கேட்டு வந்தவர், வளவையே எழுதித் தரும்படி உறுதியை நீட்டுகிறார். அதற்குக் கூலியையும் உங்களிடமே கேட்கிறார். முப்பது பேர் ஆளுக்கு 15,000 என்றால் நாலரை இலட்சம் ரூபா. மொத்தம் எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், உங்கள் பத்துப் பிரதி போக மீதி எங்கே விற்கிறது, சர்வதேச நூல் எண் (ISBN) எடுப்பார்களா, கதைகளை யார் தெரிவு செய்கிறார், ஒரு கதையையாவது திருப்பி அனுப்பினார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம். காசு கட்டிய எல்லாருடைய கதையும் வரும் என்றால், அங்கே ஆசிரியர் என்று ஒருவர் இல்லை.

நான்காவது வரி இருக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். மின்னஞ்சல் அனுப்புவதைப் பார்த்துப் பயந்தீர்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த ஒரு வரிக்குத்தான். "சகல உரிமைகளும்" என்று எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால், பிறகு உங்கள் சொந்தத் தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்க அவர்களிடம் நீங்கள் அனுமதி கேட்க நேரலாம். அதை வெட்டிவிட்டு இப்படி எழுதித் தரும்படி கேளுங்கள்: "இத்தொகுப்பின் முதற்பதிப்பில் தமிழில் அச்சிட மட்டும் அனுமதி தருகிறேன். ஏனைய உரிமைகள் யாவும் என்னைச் சாரும்." சம்மதித்தால் காசைப் பற்றி யோசியுங்கள். மறுத்தால் அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள். ஏழு வருடமாக எழுதுகிறீர்கள், உங்கள் பெயரில் ஒரு தொகுப்பு வர இனி அதிக காலம் ஆகாது.

போட்டிகளின் விதிமுறைகளிலும் இதே வரி ஒளிந்திருக்கும். இந்தியாவில் எதிலாவது கையொப்பமிட வந்தால் காலத்தையும் இடத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், அவர்களுடைய 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வருடம், இந்திய எல்லைக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்த கதையை அனுப்பும்போது

நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பு பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் இருந்தது. என் கைத்தொலைபேசியில் திறந்தபோது "அம்மா" என்ற சொல்லே இல்லை. அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான் கிடந்தன. எனக்கு உங்களிடம் திருப்பிக் கேட்க நேரம் இருந்தது. நாற்பது கதையோடு இருக்கும் ஆசிரியருக்கு இருக்காது. எந்தக் கருவியிலும் திறக்கும் யூனிகோட் எழுத்தில் தாருங்கள். கதைக்கு முன்னால் உங்களைப் பற்றி மூன்று வரி போதும். கதை எதைப் பற்றியது என்ற விளக்கம் வேண்டாம். அனுப்புமுன் அந்தச் சஞ்சிகையின் இரண்டு இதழையாவது காசு கொடுத்து வாங்கி வாசியுங்கள்.

ஒரு நேரத்தில் ஓரிடம். மூன்று மாதம் பொறுங்கள். பிறகு ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், "இன்ன திகதிக்குள் பதில் கிடைக்காவிட்டால் கதையை மீளப் பெற்றதாகக் கொள்ளவும்" என்று எழுதிவிட்டு, அந்தத் திகதி கழிந்ததும் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். எதை, எங்கே, எப்போது அனுப்பினீர்கள் என்பதை அந்தச் சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்த ஒரு பக்கம் முன்பே இருந்திருந்தால் இந்தச் சிக்கலில் பாதி வந்திருக்காது.

கணவரின் பயமும் பெரியம்மாவின் மகளும்

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2019இல் முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் கைதாகி, சுமார் நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த இளம் தமிழ்க் கவிஞர் ஒருவர், தன் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இவை நடந்தவை. ஆனால் உங்கள் கதையை அந்தக் கண்ணோடும் வாசித்தேன். மகனைக் காத்திருக்கும் தாயின் துயரத்தை எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அரசாங்கமே 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்திருக்கிறது. இந்தக் கதையில் உங்களை மாட்டக்கூடிய வரி ஒன்றையும் நான் காணவில்லை.

ஒரேயொரு எச்சரிக்கை. பெரியம்மா அந்த அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே சொன்ன திகதியும் இடமும் கதையில் வேறாக இருப்பது நாளைக்குக் குழப்பம் தரலாம். ஆகவே உண்மையான பெயர், ஊர், திகதி மூன்றும் கதையில் வேண்டாம். "உண்மைச் சம்பவம்" என்று தலைப்புக்குக் கீழே போடுவதும் வேண்டாம். முகநூலில் அப்படிப் போட்டிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள்.

இனிப் பெரியம்மாவின் மகள். மானநட்டத்துக்குச் சிறை என்ற நிலை இந்த நாட்டில் 2002இலேயே போய்விட்டது. குடியியல் வழக்கு மட்டும் சாத்தியம். அவரும் அந்த வழியில் போகப்போகிறவர் அல்ல என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. அவருடைய கோபம் அதுவல்ல. சோற்றைக் கோழிக்குப் போட்டது உண்மை. அது பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதை அவர் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது அது அச்சில் இருக்கிறது. இதில் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது, நியாயம் அவர் பக்கம் இருக்கிறது.

நீங்கள் மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசியில் அனுப்பிய செய்திக்கு அவர் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செய்தி போதாது, நேரில் போங்கள். பெரியம்மா வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்திரகாளி கோயிலுக்குப் போவார் என்றீர்களே, அந்த நேரம் போங்கள். சஞ்சிகையை எடுத்துப்போக வேண்டாம், அதை அவர் வாசித்துவிட்டார். கொப்பியைக் கொண்டுபோங்கள். கடைசிப் பந்தி உங்கள் கையெழுத்தில் அதில் இருக்கிறது. அவர் அதை இன்னும் பார்க்கவேயில்லை. கோழிக்குப் போட்ட இடத்தை மாற்று என்று அவர் கேட்டால், மறுபிரசுரத்திலும் உங்கள் தொகுப்பிலும் மாற்றலாம், அதற்கு உங்களைத் தவிர வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கதையே வேண்டாம் என்று கேட்டால் உடனே வாக்குக் கொடுக்காதீர்கள், மறுக்கவும் வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு எழுத வேண்டிய கடிதம் மட்டும் வெள்ளிக்கிழமை வரை பொறுக்காது. அதை இன்றைக்கே அனுப்புங்கள்.